கன்னி மூலைக் கதவும் ஒரு பழைய இழைப்புளியும்

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சாத்தினால் சாத்தியபடி நிற்காது. வாசலில் மட்டும் இரும்புக் கேட்டும் பூட்டும் உண்டு. உள்ளே இருக்கிற கதவுகள் எல்லாம் நல்ல தேக்கு. முடிச்சூரில் நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற கையோடு என் மாமனார் கட்டிய வீடு இது. மற்றதில் எப்படியோ, மரத்தில் அவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஆனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். தாழ்ப்பாளைத் தள்ளினால் அது நிலையில் இருக்கிற துளைவரை போய்ச் சேராமல் அந்தரத்தில் நிற்கும். கையை எடுத்தால் கதவு ஒரு முனகலோடு தானாகத் திறந்துகொள்ளும். குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு போட்டிருந்ததால் எல்லாருடைய மானமும் தப்பித்தது.

ஏன் இப்படி என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள்: வெள்ளம். அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது நான் இங்கே இல்லை. என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போயிருந்தேன். தண்ணீர் வடிந்து நான் திரும்பி வந்தபோது சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. யாரோ ஒரு தச்சர் வந்து கதவுகளை எல்லாம் இழைத்துவிட்டுப் போயிருந்தார். ஊறி உப்பிய கதவு நிலைக்குள் போகாது. அதனால் தெரு முழுக்க ஊறிய கதவை ஊறியபடியே இழைத்தார்கள். பங்குனி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியபோது எல்லா வீட்டுக் கதவுகளும் நிலையைவிட்டு விலகி நின்றன. மற்றவர்கள் அடுத்த வருஷமே சரிசெய்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் பழகிக்கொண்டார்கள். முகம் தெரியாத அந்தத் தச்சரை நான் மட்டும் இத்தனை வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் என் கணவருக்கும் கொடுத்த அறை வீட்டின் தென்மேற்கில் இருக்கிறது. கன்னி மூலை. கனமான பொருளும் நகையும் பணமும் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டின் சட்டம். ஆகவே குடும்பத்துக்கே பொதுவான பெரிய பீரோ எங்கள் கட்டிலை ஒட்டி நிற்கிறது. அதில் மாமியாரின் பட்டுப் புடவைகள், கொழுந்தனாரின் வீட்டுப் பத்திரங்கள், ஓரகத்தியின் வளையல் பெட்டி, பூஜைக்கான வெள்ளிச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. பீரோவுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டுவதற்கு அது சாத்தியிருந்தால்தானே? கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பெட்ரூமில் குடியிருக்கவில்லை, பேங்க் லாக்கரில்தான் குடியிருக்கிறேன் என்று என் மகளிடம் சொல்வேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். அவளைச் சேர்த்துவிடப் போனபோது அவள் அறையின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. பொறாமையாக இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

நான் பார்ப்பது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிற வேலை. கொரோனாவில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியவர்கள் என்னைத் திரும்ப அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நோயாளிகளின் விவரம் திரையில் ஓடுகிற வேலை என்பதால் ஒரு விதி உண்டு: மூடிய அறையில்தான் உட்கார வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. ரொம்ப நாள் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு திடீரென்று வீடியோவில் சோதனை வைத்தார்கள். என் அறையைப் பார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"ரூம ஒரு சுத்து காட்டுங்க மேடம். ஓகே. இப்ப கதவச் சாத்தி, லாக் பண்ணிக் காட்டுங்க."

கதவைச் சாத்தி, இடுக்கில் பழைய காலண்டர் அட்டையை மடித்துச் செருகி, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் நின்றது. பிறகு அட்டை நழுவியது, கதவு முனகியது, என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரம். "நான் ஒண்ணும் பேசலம்மா, அந்த வெள்ளி வெளக்க மட்டும் எடுத்துக்கினு போயிடறேன்" என்று வீடியோவில் இருந்த பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள். அடுத்த மாதச் சோதனையிலும் கதவு இப்படியே இருந்தால் நான் அலுவலகத்துக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

அலுவலகம் சிறுசேரிப் பக்கம். வேலை முடிந்து வீடு திரும்பும்போது நடுராத்திரி தாண்டிவிடும். கொரோனாவுக்கு முன்னால் நான் போய்வந்தது பகல் ஷிஃப்டில், இப்போது அது கிடையாது. மருமகள் அந்த நேரத்தில் வேனில் வந்து தெருவில் இறங்குவதை இந்த வீடு ஒத்துக்கொள்ளாது. சண்டை போட மாட்டார்கள். சண்டை போட்டால்கூடச் சமாளிக்கலாம். மாமியார் எனக்காக விழித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார், மறுநாள் தலைவலி என்பார், மூன்றாம் நாள் நானே வேலையை விட்டுவிடுவேன். இந்த வீட்டில் என்னை யாரும் எதற்கும் தடுத்ததில்லை. தடுக்காமலேயே எல்லாம் நின்றுபோகும். அந்த வேலை போனால் எனக்குக் காலையும் மாலையும் இந்தச் சமையலறையும் இந்த பீரோவும்தான். அதை நினைத்தபோது நிஜமாகவே மூச்சு முட்டியது.

கணவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அவர் நல்லவர். ஆனால் அவருடைய பாக்கலாம் என்கிற சொல்லுக்கு, நீ மறந்துபோகும்வரை காத்திருக்கலாம் என்று பொருள். நானே ஒரு தச்சு வேலை செய்பவரை வரவழைத்தேன். அவர் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, பழசைத் தொட்டால் தலைவலி, நிலையோடு சேர்த்துப் புதுக் கதவே போட்டுவிடலாம் என்றார். மாமியார் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். காப்பி கொடுத்த மாமியார், இது அவர் போட்ட கதவு, இதை எடுக்க விடமாட்டேன் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவர் என்றால் சுவரில் மாலையோடு இருக்கிற மாமனார். தச்சர் போன பிறகு மாமியார் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"கதவச் சாத்திக்கினு உள்ள இன்னாம்மா பண்ணப் போற? வெளக்கு வெக்கிற நேரத்துல கதவ மூடுனா வூட்டுக்கு லட்சுமி எப்புடி வருவா?"

லட்சுமிக்கு வாசல் கதவு போதாதா, என் பெட்ரூம் வழியாகத்தான் வர வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் கோபம் எல்லாம் இப்படித்தான், தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இரண்டு நாள் வயிற்றில் கிடக்கும்.

கதவை எப்படிச் சரிசெய்வது என்று ஃபோனில் தேடினேன். இழைத்துக் குறைந்துபோன கதவின் விளிம்பில் ஒரு மரச் சட்டத்தை ஒட்டி, அதை மறுபடி அளவாக இழைத்தால் போதும். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. அதற்கு வேண்டியது ஓர் இழைப்புளி. புதிதாக நல்லது வாங்கினால் கூரியரில் வரும், வந்தால் வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று பிரிப்பார்கள். பழையதை மலிவாக வாங்கிச் சீர்செய்து கூராக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொன்னார். அவருடைய பட்டறை எங்கள் வீட்டைவிடப் பெரியது. அதற்கு நான்கு கதவுகள் இருந்தன. நான்கும் சாத்தியிருந்தன.

வெள்ளிக்கிழமை திருநீர்மலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கோயில் என்றால் மறுபேச்சு கிடையாது. தாம்பரத்தில் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி, கோயில் பக்கம் திரும்பாமல் சந்தைக்குள் போனேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எது கிடைக்காது? பூச்செடி, புறா, கம்ப்யூட்டர் கீபோர்டு, காலாவதியான பிஸ்கட், ஒற்றைச் செருப்பு. பழைய இரும்பு பரப்பியிருந்த ஒரு தார்ப்பாயில், குழாய்த் துண்டுகளுக்கு அடியில், ஓர் இரும்பு இழைப்புளி குப்புறக் கிடந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். உடம்பெல்லாம் துரு, பின்பக்கக் கைப்பிடி பிளந்திருந்தது. பிளேடைப் பிடித்துக்கொள்ளும் மேல்மூடியைக் காணவில்லை.

கடைக்காரப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாக்கா, வூட்ல ஆசாரி கீறாரா?"

நான்தான் ஆசாரி என்றேன். அவன் சிரித்துவிட்டு, சும்மா வைத்துக்கொள் என்பதுபோல் ஒரு விலை சொன்னான். அதற்கடுத்த வெள்ளியும் எனக்குத் திடீரென்று பக்தி பெருகியது. இன்னொரு தார்ப்பாயில் அடிப்பாகம் உடைந்த வேறோர் இழைப்புளி கிடைத்தது, அதில் மேல்மூடி முழுசாக இருந்தது. இரண்டு பிணத்தைச் சேர்த்து ஓர் ஆளை எழுப்பலாம் என்று தோன்றியது. இரண்டு தடவையும் ஸ்டேஷன் வாசலில் துளசி வாங்கி மாமியார் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறைத்து வைக்க இந்த வீட்டில் இடம் ஏது? சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் நிற்கிற இடத்தில் வெளிப்படையாகவே உட்கார்ந்தேன். துருவை எடுக்கப் புளி. குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையை எல்லாம் ஒரு பழைய வாளியில் சேர்த்து, அதில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்தேன். பித்தளைக்குச் செய்வதுதானே, இரும்புக்குச் செய்தால் என்ன? மாமியார் எட்டிப் பார்த்து, இரும்புக்குக் குழம்பு வைக்கிறாயா என்றார். ஓரகத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெருவில் யாராவது கேட்டால் அக்காவுக்கு வீட்டில் போரடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை.

ஊறியதைத் தேய்த்துக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் தடவினேன். பிளந்த கைப்பிடியைப் பசை போட்டு நூல்கயிற்றால் இறுகக் கட்டி ஒட்டினேன். இரும்பு சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. அடடா, அழகு. பழைய கட்டில் பலகை ஒன்றை வைத்து முதல் தள்ளு தள்ளினேன். கீச்சென்று கத்திவிட்டு நின்றது. பலகையில் பூனை பிறாண்டியதுபோல் ஒரு தடம். அழுத்தித் தள்ளினேன், மரம் பிய்ந்து வந்தது. பிளேடு, திருகு, எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். சீவல்கள் பிளேடுக்கு முன்னால் இருக்கிற வாயில் அடைத்துக்கொண்டு, அதற்குமேல் ஒன்றுமே வெளியே வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓர் இரும்புத் துண்டு என்னை அழவைத்ததே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. பார்க்க நன்றாக இருந்தால் போதும், வேலை செய்துவிடும் என்று நானும் நம்பியிருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் இத்தனை வருஷம் இருந்த பழக்கம்.

மறுபடி வீடியோ. மறுபடி வெள்ளைக்காரர். பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பிளேடின் முதுகில் இன்னொரு தகடு படிந்திருக்கும். சீவலைச் சுருட்டி வெளியே தள்ளுவது அதன் வேலை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து டியூப்லைட் பக்கம் தூக்கினேன். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அந்த இடுக்கில்தான் சீவல் புகுந்து அடைக்கிறது. தகட்டின் நுனியைச் சாணைக்கல்லில் தேய்ப்பதும் தூக்கிப் பார்ப்பதுமாக ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. வெளிச்சம் நின்றபோது என் முதுகும் நிமிராமல் நின்றுவிட்டது.

அடுத்தது அடிப்பாகம். அது தட்டையாக இருக்கிறது என்று கண் சொல்லும், நம்பக் கூடாது. டீப்பாயின் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டினேன். இழைப்புளியின் அடியில் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், மேடான இடத்தில் பென்சில் அழியும், பள்ளத்தில் அழியாது. முன்னாலும் பின்னாலும் அழிந்தது. பிளேடு எட்டிப் பார்க்கிற வாய்க்குப் பக்கத்தில் கிறுக்கல் அப்படியே இருந்தது. முக்கியமான இடமே பள்ளம். அது மரத்தைத் தொடாமல் மிதந்தால் சீவல் எப்படி ஒழுங்காக வரும்? கிறுக்குவதும் தேய்ப்பதுமாகச் சில நாட்கள். காலையில் சமையல், பிறகு தேய்ப்பு, மதியத்துக்குமேல் அமெரிக்கப் பில்கள். விரல் ரேகை தேய்ந்து ஃபோன் என் விரலை அடையாளம் காண மறுத்தது. டீப்பாய்க் கண்ணாடி எங்கே என்று கொழுந்தனார் மட்டும் ஒருநாள் கேட்டார். துடைக்க எடுத்தேன் என்றேன்.

கடைசியாகப் பிளேடின் கூர். கல்லில் தண்ணீர் விட்டு, சாய்வு மாறாமல் தேய்த்து, நகத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். வழுக்காமல் கடித்து நின்றது. எல்லாவற்றையும் பூட்டிக் கட்டில் பலகையில் தள்ளினேன். சரேலென்று ஒரு சத்தம். இழைப்புளியின் வாயிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஒரு சுருள் எழுந்து வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் தெரிந்தது. நான் சத்தம் போட்டே சிரித்தேன். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் ஒரு கைப்பிடியிலிருந்து எனக்கு வந்ததில்லை.

அப்போது புரட்டாசி முடியப் போகிற நேரம். சோதனைக்கு அதிக நாள் இல்லை. தாம்பரத்து மரக்கடையில் கதவு உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டம் அறுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், என் கணவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். இருவரும் சேர்ந்து கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் பக்கவாட்டில் நிறுத்தினோம். மாமியார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாள் பார்த்தாயா, நட்சத்திரம் பார்த்தாயா என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது. ஒன்றை மட்டும் கேட்டார்: மழைக்கு முன்னால் முடித்துவிடுவாயா? முடித்துவிடுவேன் என்றேன். எழுந்து பூஜை அறைக்குப் போய்விட்டார்.

புதுச் சட்டம் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் கதவின் விளிம்பில் இருக்கிற பெயிண்ட்டைச் சுரண்ட வேண்டும். சுரண்டிக்கொண்டே வந்தபோது, தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் கீழே, பெயிண்ட்டுக்கு அடியில் மக்குப் பசை அடைத்து மூடிய ஒரு பள்ளம் வந்தது. கைக் கட்டைவிரல் அளவு. அதற்குக் கீழே இன்னொன்று. மரம் நசுங்கிப் பிளந்திருந்தது. தச்சர் இழைத்த பிறகும் மிச்சமிருக்கிற ஆழம். எழுந்துபோய் நிலையைத் தடவிப் பார்த்தேன். அங்கேயும் அதே உயரத்தில் மக்கு.

இது என்ன என்று கணவரிடம் கேட்டேன். அவர் பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடப்பாற போட்டது" என்றார். "அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க."

மிச்சத்தை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். வெள்ளம் வந்த முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் இருந்தது. எல்லாரும் மாடிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரங்களை எடுக்க மாமியார் யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கியிருக்கிறார். புடவை முழுக்க நனைந்துவிட்டது, மாற்றிக்கொள்ளலாம் என்று கதவைத் தள்ளிச் சாத்தியிருக்கிறார். ஒரு ராத்திரி ஊறிய கதவு நிலைக்குள் போய் இறுகிவிட்டது. உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. இழுத்தால் வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டிருக்கிறார், மழைச் சத்தத்தில் மாடியில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மா எங்கே என்று தேடி இவர்கள் இறங்கி வந்தபோது தண்ணீர் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, பத்திரப் பையைத் தலைக்குமேல் பிடித்திருந்தாராம். மாமனாரும் இரண்டு பிள்ளைகளும் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். அதற்குப் பிறகு இதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். யாரும் பேசவில்லை. திருச்சியிலிருந்து வந்த எனக்கு அடுப்பு போனது, மிக்ஸி போனது என்றுதான் சொன்னார்கள்.

"ஆசாரி போதும்னுதான் சொன்னாரு" என்றார் கணவர். "காஞ்சா சுருங்கிடும்மா, போதும்னாரு. அம்மா பக்கத்துலயே நின்னுக்கினு, இன்னும் எடு, இன்னும் எடுன்னாங்க. எல்லாக் கதவையும்."

எனக்கு மாமியார்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், முதலில் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். ஒருத்தருடைய ஒரு நாள் பயத்துக்காக நான் இத்தனை வருஷம் கதவில்லாமல் துணி மாற்றியிருக்கிறேன், பீரோவுக்குப் பக்கத்தில் போர்வைக்குள் அழுதிருக்கிறேன், ஏன் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருக்கலாமே? பிறகு மறுபடி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன். என் விரல் உள்ளே போனது. இதே அறை. நான் மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்ட இதே அறையில், அதே கட்டிலின்மேல், அவருக்கு நிஜமாகவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனது.

சட்டத்தை ஒட்டி, கயிறு கட்டி இறுக்கிக் காயவிட்டோம். அந்த ராத்திரி எங்கள் அறைக்குக் கதவே இல்லை, ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டோம். மறுநாள் இழைக்க உட்கார்ந்தேன். சட்டம் வேண்டுமென்றே தடிமனாகத்தான் வாங்கியிருந்தேன். இழைத்துக் குறைத்து, தூக்கிப்போய் நிலையில் வைத்துப் பார்த்து, மறுபடி இறக்கி இழைக்க வேண்டும். கணவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். அவர் லீவு போட்டதையே நான் தனியாக எழுத வேண்டும். நாலாவது தடவை வைத்தபோது கதவு நிலைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் துளைக்குள் டக்கென்று விழுந்தது. ஓரகத்தி கை தட்டினாள். போதும், கீலை முடுக்கிவிடலாம் என்றார் கணவர்.

அந்தப் பெண் வீடியோவில் பார்த்துத் திருப்தியாக இதுவே போதும். என் வேலைக்கு இதுவே போதும். ஆனால் இது காய்ந்த மரம். இன்னும் ஐப்பசி பாக்கியிருக்கிறது. இந்தக் கச்சிதம் அடைமழையில் இறுக்கமாகும். ஒரு சீவல் அதிகம் எடுத்தால் தாழ்ப்பாள் மறுபடி அந்தரத்தில் நிற்கும், ஒரு சீவல் குறைத்து எடுத்தால் கடப்பாரை வர வேண்டியிருக்கும். இறக்குங்கள் என்றேன். கணவர் கதவைத் தூக்கி இறக்கினார். பிளேடை இன்னும் உள்ளே இழுத்து, வந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி மெல்லிய சுருளாக எடுக்க ஆரம்பித்தேன். அதற்காகத்தானே அந்த இரும்போடு இத்தனை நாள் மல்லுக்கட்டினேன். கதவைத் தூக்கி வைப்பதும், இடுக்கில் மேலிருந்து கீழ்வரை நாணயத்தைச் செருகி இழுத்துப் பார்ப்பதும், இறக்குவதுமாக மதியம் ஆகிவிட்டது. மழைக்கு இவ்வளவு இடம் போதுமா என்று எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தினேன். விளிம்பு முழுக்க வார்னிஷ் அடித்தேன். கதவை மாட்டிய பிறகு தாழ்ப்பாள் துளைக்குள் நுனியளவு போய் நின்றது. போதும்.

சோதனை நாளில் அதே பெண் வந்தாள். கதவைச் சாத்தி லாக் பண்ணிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கையை எடுத்தேன். கதவு அசையவில்லை. அவள் ஓகே மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அவ்வளவுதான். நான் மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே குக்கர் விசில் அடித்தது, டிவி ஓடியது. எல்லாச் சத்தமும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கம் இருந்தேன். பில்லைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் நான் செலவழித்த முதல் தனி நேரம் அது.

வெள்ளி விளக்கும் விளக்கு நேரத்துச் சாமான்களும் மதியமே பீரோவிலிருந்து வெளியே வந்துவிடும் என்று ஏற்பாடானது. மாமியார்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். லட்சுமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதவைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்தப் பள்ளத்தைப் பற்றி அவரிடம் பேசவில்லை. பேசலாமா என்று ஒவ்வொரு தடவை காப்பி கொடுக்கும்போதும் நினைப்பேன், டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முடிச்சூரில் மழை என்றால் முதல் நாளே எல்லாரும் ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஃபோனில் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் தெருவில் தண்ணீர் நின்றது. அன்று சாயங்காலம் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்கியமான ஒரு கூட்டத்தில் இருந்தேன். அமெரிக்காவிலிருந்து மூன்று பேர், இங்கிருந்து நாங்கள். கதவு தட்டப்பட்டது. கவனிக்கவில்லை. மறுபடி தட்டல், இந்த முறை உள்ளங்கையால். எனக்கு எரிச்சல் பொங்கியது. கதவு வந்தும் விடிவு இல்லையே, இந்த மழையில் என்ன பட்டுப் புடவை வேண்டியிருக்கிறது? மைக்கை அணைத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவை இழுத்தேன். எங்கேயும் பிடிக்காமல் வந்தது.

மாமியார் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். உள்ளே காலை வைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, பீரோவைப் பார்க்கவில்லை. கதவின் விளிம்பைத்தான் பார்த்தார். நான் ஒட்டிய சட்டத்தின்மேல் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

"சாத்து" என்றார். சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன்.

"இப்ப தொறந்து காட்டு" என்றது குரல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

திறந்தேன். திரையில் என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் அவருடைய கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். அது அங்கே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"சரி, சாத்திக்கோ" என்றார்.

அந்த மழை நின்றது, அடுத்தது வந்தது. இந்த வருஷம் கார்த்திகை பூராவும் மழை. தூறல் வலுத்தால் எனக்கு இப்போது தெரிந்துவிடுகிறது. சத்தமே இல்லாமல் மாமியாரின் நிழல் கதவின் அடியில் வந்து நிற்கும். தட்டுவதற்கு முன்பே நான் மைக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து காட்ட எழுந்துவிடுகிறேன்.